ஊரைப் படிக்கும் படிப்பு

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் நகரத் திட்டமிடல் பட்டப்படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். சிற்றூர்ப் பிள்ளைக்கு அது சரிவருமா?
– வாசகி, ராஜபாளையம்

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். உங்கள் பகுதியையே பாருங்கள். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் என்ற பஞ்சாலையைத் தொடங்கினார் பி.ஏ.சி. ராமசாமி ராஜா; இப்படிப் பஞ்சாலைகளோடு வளர்ந்தது உங்கள் ஊர். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரோ ஆண்டாள் கோயிலையும் தேரோடும் வீதிகளையும் சுற்றி வளர்ந்தது. ஒரே மதுரை–கொல்லம் சாலையில் இப்படி இரு வேறு ஊர்கள்! ஆலைத் தொழிலாளி எங்கே குடியிருக்கிறார், மழைநீர் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, வயல் எப்படி வீட்டுமனையாகிறது என்று கேட்கத் தெரிந்தவர்கள் பெருநகரங்களைவிட இங்கேதான் அதிகம் தேவை. இதை நான் உறுதியாக நம்புகிறேன். டெல்லி, போபால், விஜயவாடாவிலுள்ள மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்களில் நான்காண்டு பி.பிளான் பட்டப்படிப்பு உண்டு. அதற்கு ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வில் தாள் 2பி எழுத வேண்டும். பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம்.