கோல்ஃப் ஆட உடம்பு எதற்கு என்பவர்களுக்கு

ஓட்டம் இல்லை, மோதல் இல்லை, பந்துகூட அசையாமல் கிடக்கிறது. இதில் என்ன அடிபடப் போகிறது? கோல்ஃபைப் பற்றிப் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆடுகிறவர்கள் உட்பட. ஆனால் ஆடுகிறவர்களில் அதிகம் பாதிக்கப்படுவது கீழ்முதுகு. அடுத்து முழங்கை, மணிக்கட்டு, தோள். பெரும்பாலும் ஒரே நாளில் வந்த காயங்கள் அல்ல இவை. ஒரே அசைவை ஆயிரம் முறை செய்து சேர்த்துக்கொண்டவை.

நம்பிக்கை: இது உடம்பை வருத்தாத ஆட்டம்.

18 குழிகளையும் நடந்தே முடித்தால் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் ஆகிவிடும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை மைதானங்களில் ஏற்ற இறக்கம் வேறு. அது நல்ல நடைதான். சிக்கல் நடையில் இல்லை, வீச்சில் இருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர் மேலே தூக்கிய மட்டையை இறக்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் நொடிதான் எடுத்துக்கொள்கிறார். அந்த நேரத்தில் கீழ்முதுகை அழுத்தும் விசை உடல் எடையைப் போல எட்டு மடங்கு வரை போவதாக அளந்திருக்கிறார்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு இது 560 கிலோ.

நம்பிக்கை: இடுப்பை நன்றாக முறுக்கினால்தான் பந்து தூரம் போகும்.

அதிகம் கெடுதல் செய்வது இதுதான். கீழ்முதுகில் உள்ள ஐந்து முள்ளெலும்புகள் முன்னும் பின்னும் வளைவதற்கு ஏற்றவை. பக்கவாட்டில் திரும்புவதற்கு அவற்றில் அதிகம் இடமில்லை. ஐந்தும் சேர்ந்து பத்துப் பதினைந்து பாகை திரும்பினால் அதிகம். திருப்பம் வரவேண்டிய இடங்கள் வேறு: தொடை எலும்பு இடுப்போடு சேரும் மூட்டு, விலா எலும்புகள் சேர்ந்திருக்கும் மேல்முதுகு. வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு இந்த இரண்டும் இறுகிக் கிடக்கும். ஞாயிறு காலை அவர் மட்டையை ஓங்கும்போது, அவை கொடுக்காத திருப்பத்தைக் கீழ்முதுகுதான் கொடுத்தாக வேண்டும்.

உங்கள் நிலையை வீட்டிலேயே பார்க்கலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். முழங்கால்களை ஒட்டி வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, இரு பக்கமும் திரும்புங்கள். 45 பாகைக்கு முன்பே நின்றுவிட்டால் மேல்முதுகு இறுகியிருக்கிறது என்று பொருள். அதற்கு எளிய பயிற்சி உண்டு. முழங்கால்களை மடக்கி ஒருக்களித்துப் படுத்து, இரு கைகளையும் முன்னே நீட்டி, மேல் கையை மட்டும் புத்தகம் திறப்பதுபோல் பின்னால் கொண்டுபோங்கள். கண் அந்தக் கையோடு போகட்டும், முழங்கால்கள் பிரிய வேண்டாம். பக்கத்துக்குப் பத்து முறை, தினமும். இதோடு புட்டத் தசைக்கும் வயிற்றுத் தசைக்கும் பயிற்சி சேர்ந்தால், முதுகுக்காக இதைவிடப் பெரிதாக எதுவும் செய்யத் தேவையில்லை.

நம்பிக்கை: எடை தூக்கினால் வீச்சு கெட்டுவிடும்.

இப்படிச் சொல்லப்பட்ட காலத்திலேயே தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர் எடை தூக்கினார். கோல்ஃபின் முதன்மைப் போட்டிகளான மேஜர்களில் ஒன்பது பட்டங்கள் வென்றார். 1978இல் அவற்றில் ஒன்றான மாஸ்டர்ஸை வென்றபோது அவருக்கு வயது 42. எதிர்வாதத்துக்கு டைகர் உட்ஸின் பெயரை இழுப்பார்கள். 2014 முதல் 2017 வரை அவருக்கு முதுகில் நான்கு அறுவை சிகிச்சைகள் நடந்தன. கடைசியில் முள்ளெலும்புகளையே இணைத்தார்கள். 2019இல் மாஸ்டர்ஸை மீண்டும் வென்றார். குழந்தைப் பருவத்திலிருந்து முழு வேகத்தில் வீசிய முதுகு அது. பழியை உடற்பயிற்சிக் கூடத்தின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. ஆனால் பலம் மட்டும் காப்பாற்றிவிடாது, ஓய்வும் வேண்டும் என்பதற்கு அவர் சாட்சி.

நம்பிக்கை: குனிந்து நிமிர்ந்து, இரண்டு வீச்சு வீசினால் உடம்பு தயார்.

ஒரே நிலையில் நீட்டிப் பிடித்து நிற்பதை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முன் அது வீச்சின் வேகத்தைக் குறைக்கவே செய்யும். முதலில் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள்: வேகநடை, காலை முன்னும் பின்னும் ஆட்டுதல், உட்கார்ந்து எழுதல், கைச்சுழற்சி. பிறகு சிறிய மட்டையால் அரை வீச்சு. டிரைவர் என்னும் நீள மட்டை கடைசியில். காரிலிருந்து இறங்கி நேராக டிரைவரைக் கையில் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பதறுகிறது.

முழங்கை வலி உட்பக்கம்தான் வரும் என்பதும் தவறு. வலக்கை ஆட்டக்காரருக்கு இடது முழங்கையின் வெளிப்பக்கமும் அடிக்கடி நோகும். மட்டையை இறுக்கிப் பிடிப்பது, பந்துக்கு முன்னே தரையில் அடிப்பது, திடீரென ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பந்து அடிப்பது எல்லாம் காரணங்கள். பட்டை கட்டிக்கொண்டு ஆடுவதால் தசைநார் ஆறிவிடாது. அடிகளைக் குறைத்தால்தான் ஆறும்.

பை விஷயம். ஒற்றைத் தோளில் தொங்கவிடாதீர்கள், தள்ளுவண்டி நல்லது. உதவியாளரான கேடி சுமக்கிறார் என்றால் இரட்டைப் பட்டை உள்ள பையைக் கொடுங்கள். அவருக்கும் முதுகு இருக்கிறது.

முதுகுவலி காலுக்கு இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ மட்டையை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கட்டுப்பாடு குறைந்தாலோ, தொடைகளுக்கு இடையே உணர்ச்சி மங்கினாலோ அது அவசர நிலை. ஒரு நாளும் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.