பிடிப்பதற்கும் ஓர் அளவு: கடல் விதிகளை வகுப்பறையில் கற்பித்தல்

எட்டாம் வகுப்பில் இயற்கை வளங்களின் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது காடு, நீர், மண் ஆகியவற்றுக்கு எளிதில் எடுத்துக்காட்டு கிடைத்துவிடுகிறது. கடல் என்றதும் 'அளவோடு பிடிக்க வேண்டும்' என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறோம். எவ்வளவு என்பது அளவு? அதை யார் பார்ப்பது? பார்க்க ஆள் இல்லாத நடுக்கடலில் விதி எப்படி நடக்கும்? நான் பணியாற்றும் கடலோரப் பள்ளியில் இந்தக் கேள்விகளைக் கொண்டே இரண்டு பாடவேளைகளுக்கு ஒரு பாடத்தை அமைத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் உள்ள மெயின் மாநிலத்தின் சிங்கி இறால் தொழில். நம் கடலில் கிடைக்கும் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கு கிடையாது, அவர்களுடையதற்கு உண்டு. அங்கு விதிகள் தெளிவாக இருப்பதாலும், அவற்றை அட்டையில் வெட்டி அளந்து பார்க்க முடிவதாலும் பாடத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது.

ஆசிரியர் அறிய வேண்டியவை

மெயினில் சிங்கி இறாலைக் கம்பிக் கூடு வைத்துத்தான் பிடிக்க வேண்டும். வலை இழுத்தோ முக்குளித்தோ பிடிக்கக் கூடாது. உரிமம் பெற்ற ஒருவர் அதிகபட்சம் 800 கூடுகள் வைக்கலாம். ஒவ்வொரு கூட்டிலும் அடையாள வில்லை இருக்க வேண்டும். கூட்டின் இடத்தைக் காட்டும் மிதவைக்கு ஒவ்வொருவரும் தமக்கென ஒரு நிறக்கோலம் வைத்திருக்கிறார்கள். அது உரிமத்தில் பதிவாகும். அதே நிறத்தைப் படகிலும் காட்ட வேண்டும். ஒரு நிறத்தைக் காட்டும் படகு வேறு நிற மிதவையைத் தூக்கினால் தொலைவில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

2020 முதல் அங்கே கயிற்றிலும் ஊதா நிறக் குறி இட வேண்டும். அந்தக் கடலில் வாழும் ஒரு வகைத் திமிங்கிலம் உலகிலேயே 400-க்கும் குறைவாகத்தான் மீந்திருக்கிறது. அது கயிற்றில் சிக்கினால், கயிறு எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதை அந்தக் குறி காட்டும்.

அடுத்து, பிடிப்பின் அளவு. கண்குழியிலிருந்து முதுகு ஓட்டின் பின்விளிம்பு வரை அளப்பார்கள். அது 3¼ அங்குலத்துக்குக் (சுமார் 8.3 செ.மீ.) குறைந்தாலும், 5 அங்குலத்துக்கு (12.7 செ.மீ.) மிகுந்தாலும் கடலில் விட்டுவிட வேண்டும். சிறியது இன்னும் முட்டையிட்டிருக்காது. பெரியதை ஏன் விட வேண்டும்? முதன்முறை முட்டை சுமக்கும் தாய் சில ஆயிரம் முட்டைகளையே சுமக்கும். மிகப் பெரிய தாய் சுமப்பது ஒரு லட்சத்தையும் எட்டும். முட்டையோடு ஏறிய தாயின் வால் துடுப்பில் 'வி' வடிவில் சிறு வெட்டு இட்டு விட்டுவிடுவார்கள். அடுத்த முறை அது முட்டையின்றி ஏறினாலும், வெட்டைக் காண்பவர் எடுக்கக் கூடாது.

கூட்டில் சிறியவை வெளியேற ஒரு திறப்பும், மட்கிப்போகும் இணைப்பு கொண்ட ஒரு பலகமும் இருக்கும். கயிறு அறுந்து கூடு தொலைந்தால் அந்தப் பலகம் திறந்துகொள்ளும். ஆளில்லாக் கூடு ஆண்டுக்கணக்கில் உயிர்களைக் கொல்லாது.

செயல்பாடு 1: அளந்து பார்

அட்டையில் 8.3 செ.மீ., 12.7 செ.மீ. இடைவெளிகளை வெட்டி அளவுகோல் செய்யச் சொல்லுங்கள். 7.8, 8.5, 10, 11, 13 செ.மீ. ஓட்டு நீளமுள்ள காகித இறால்களைக் குழுக்களுக்குக் கொடுங்கள். 11 செ.மீ. இறாலின் வாலில் 'வி' வெட்டு இருக்கட்டும். எடுக்கத்தக்கவை 8.5, 10 ஆகிய இரண்டு மட்டுமே. மற்ற மூன்றையும் விடுவதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு என்பதை மாணவர்களே சொல்ல வேண்டும்.

செயல்பாடு 2: புளியங்கொட்டைக் கடல்

இந்தச் செயல்பாட்டுக்குக் காரணம் ஒரு மாணவியின் கேள்வி: "எங்க அப்பா விட்டாலும் அடுத்த போட்டுக்காரங்க பிடிச்சிருவாங்களே சார்?" பாடத்தின் மையமே அந்தக் கேள்விதான்.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 20 புளியங்கொட்டைகள். ஒவ்வொரு சுற்றிலும் எடுத்தது போக மீந்தவை இரட்டிப்பாகும். ஆனால் 20-ஐத் தாண்டாது. முதலில் விதியின்றி விளையாடட்டும். பல குழுக்களில் முதல் சுற்றிலேயே கடல் காலியாகிவிடும்.

அடுத்து, ஆளுக்கு 3 என வையுங்கள். 12 போக 8, அது 16 ஆகும். மீண்டும் 12 போக 4, அது 8 ஆகும். மூன்றாம் சுற்றில் அந்த 8-ம் போய்விடும். மொத்தம் கிடைத்தது 32. ஆளுக்கு 2 என்றால் சுற்றுக்கு 8. நான்காம் சுற்றில் அதே 32 கிடைத்துவிடும். கடலும் நிறைந்தே இருக்கும்.

இப்போது ஒருவர் மட்டும் ரகசியமாக 6 எடுக்கட்டும். மற்ற மூவரும் 2 எடுத்தாலும் மூன்றாம் சுற்றுக்குள் கடல் வற்றிவிடும். பிறகு ஒவ்வொருவர் கொட்டையிலும் ஒரு நிறம் பூசிக் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். அடுத்தவர் விதியை மீறினால் தெரியும் என்ற உறுதி இருந்தால்தான் அப்பா விட்டுவிடுவதில் பொருள் உண்டு. மிதவை நிறத்தின் வேலை அதுவே.

நம் கரையோடு இணைத்தல்

தமிழ்நாடு கடல்சார் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சிங்கி இறால் ஏற்றுமதிக்கு இனத்தைப் பொறுத்து 150 முதல் 500 கிராம் வரை குறைந்தபட்ச எடையை 2003-இல் ஒன்றிய அரசு வரையறுத்தது. மீன்பிடிக் கருவிகளில் அடையாளமிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2018-இல் ஏற்றது.

இங்கே ஒரு கவனம் தேவை. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் உணரக் கூடாது. தடைக்காலத்தில் அரசு நிவாரணம் தந்தாலும், வருமானம் குறைந்த வீட்டிலிருந்துதான் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வருகிறது. விதியின் பயன் எல்லாருக்கும், சுமை சிலருக்கு என்றால் அது நியாயமா என்பதையும் வகுப்பில் பேசவிடுங்கள். விதிகள் எல்லாவற்றையும் காத்துவிடும் என்றும் சொல்ல வேண்டாம். மெயினில் 2016-இல் சுமார் 13 கோடி பவுண்டு பிடிபட்டது. அண்மை ஆண்டுகளில் 10 கோடிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அந்தக் கடல் வேகமாகச் சூடாகிவருகிறது.

மதிப்பீடு

1. புளியங்கொட்டைக் கடல் வற்றாமல் ஒரு சுற்றில் நால்வரும் சேர்ந்து அதிகபட்சம் எத்தனை எடுக்கலாம்? (விடை: 10)
2. உள்ளதிலேயே பெரிய இறாலை விட்டுவிடுவது மீனவருக்கு இழப்பா, ஆதாயமா? காரணம் கூறுக.
3. உங்கள் ஊர் ஏரி, குளம் அல்லது கடலில் பெரியவர்கள் பின்பற்றும் ஒரு கட்டுப்பாட்டைக் கேட்டு எழுதுக. அதை மீறினால் யாருக்கு, எப்படித் தெரியும்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். என் வகுப்பில் மிக நீளமான விடைகளை எழுதிவந்தவர்கள், மற்ற பாடங்களில் ஒரு பத்தி எழுதத் தயங்கும் பிள்ளைகள்தாம். வீட்டில் கேட்பதற்கு அவர்களுக்கு ஆள் இருந்தது.