ஏடுகளால் உறவான ஊர்கள்

நுழையும்முன்

கடலும் பாலைவனமும் இடையே கிடக்க, இரண்டு ஊர்கள் தம்மை உடன்பிறப்புகளாக அறிவித்துக்கொண்டன. ஒன்று ஐரோப்பாவில் உள்ளது; மற்றொன்று ஆப்பிரிக்காவில் உள்ளது. மொழி, சமயம், தட்பவெப்பம், செல்வநிலை என எதிலும் ஒப்புமையில்லாத அவ்வூர்களை இணைத்தவை பழைய நூல்கள்.

வெவ்வேறு நாட்டு ஊர்கள் உடன்படிக்கை செய்துகொண்டு நட்புப் பேணும் வழக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வலுப்பெற்றது. குண்டுவீச்சில் சிதைந்த இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம், தன்னைப் போலவே அழிவுற்ற சோவியத் நாட்டின் ஸ்டாலின்கிராடு நகரத்தோடு 1944இல் உறவு பூண்டது. இவ்வாறு இணைந்தவற்றை உடன்பிறப்பு நகரங்கள் என்பர். இத்தகைய உறவுகளுள் பல, ஊர் எல்லையில் நடப்பட்ட பெயர்ப்பலகையோடு நின்றுவிடுவதும் உண்டு. ஹே-ஆன்-வை, திம்பக்து ஆகிய ஊர்களின் உறவு அவ்வாறு நின்றுவிடவில்லை.

நூல்களை விற்கும் ஊர்

வேல்ஸ் நாட்டின் எல்லையில், வை ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் ஹே. அங்கு வாழ்வோர் இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. 1962ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூரின் தொடர்வண்டி நிலையமும் மூடப்பட்டது. அக்காலத்தில்தான் ரிச்சர்டு பூத் என்னும் இளைஞர், பழைய தீயணைப்பு நிலையக் கட்டடத்தில் பழைய நூல்களை விற்கத் தொடங்கினார். அமெரிக்காவில் மூடப்பட்ட நூலகங்களின் நூல்களை வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். அவரைப் பின்பற்றிப் பிறரும் கடை திறந்தனர். ஒரு காலத்தில் அச்சிற்றூரில் முப்பதுக்கும் மேற்பட்ட புத்தகக் கடைகள் இருந்தன. 1977 ஏப்ரல் முதல் நாளன்று பூத், ஹே ஊரைத் தனிநாடு என்றும் தம்மை அதன் மன்னர் என்றும் அறிவித்தார். அவர் தேர்ந்தெடுத்த நாளே அது குறும்பு என்பதைக் காட்டிவிடும். எனினும் அந்தக் குறும்பால் உலகின் பார்வை ஊர்மேல் விழுந்தது. ஹேயின் கோட்டைச் சுவரடியில் திறந்தவெளி அலமாரிகளில் நூல்கள் அடுக்கப்பட்டிருக்கும். விற்பவர் எவரும் இரார். வேண்டிய நூலை எடுத்துக்கொண்டு, விலையை உண்டியலில் இட்டுச் செல்ல வேண்டும்.

நூல்களை ஒளித்த ஊர்

மாலி நாட்டில், சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில், நைஜர் ஆற்று வளைவை ஒட்டி அமைந்தது திம்பக்து. ஆங்கிலேயர் பேச்சில் 'திம்பக்து' என்பது எட்டாத் தொலைவைக் குறிக்கும் சொல்லாகவே ஆகிவிட்டது. ஆனால் உப்பும் பொன்னும் கைமாறிய அந்நகரம், பதினாறாம் நூற்றாண்டில் அறிஞர்கள் தேடி வந்த இடமாகும். அங்கு வேறெந்தச் சரக்கையும்விட நூல் வணிகத்திலேயே ஆதாயம் மிகுதி என்று அக்காலப் பயணி லியோ ஆப்பிரிக்கானசு எழுதினார். ஆக, திம்பக்துவும் ஒரு காலத்தில் புத்தகச் சந்தையாக விளங்கிய ஊரே. அந்நகர அறிஞர் அகமது பாபா, தம்மிடம் 1,600 நூல்கள் இருந்தன என்றும், தம் உறவினருள் தம்முடைய சேகரிப்பே சிறியது என்றும் கூறியதாக வரலாறு உரைக்கிறது.

1591இல் மொராக்கோப் படை நகரைக் கைப்பற்றியது. அறிஞர்கள் சிறைபிடிக்கப்பட்டனர், அகமது பாபாவும் மராக்கேசு நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பின்னாளில் பிரெஞ்சு ஆட்சி வந்தபோது, குடும்பத்தினர் தத்தம் ஏடுகளை மரப்பெட்டிகளில் வைத்துப் பூட்டினர், மணலிலும் புதைத்தனர். ஹேயில் பழைய நூல் கைமாறுவதற்கு உரியது. திம்பக்துவிலோ அது கைவிடக் கூடாத குலச்சொத்தாகிவிட்டது. இரண்டு ஊர்களும் நூலை நேசித்தன என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

உறவும் சோதனையும்

திம்பக்து நகரம் பிரித்தானியாவில் ஓர் இணையூரைத் தேடியபோது, ஹேயைவிடப் பன்மடங்கு பெரிய நகரங்களும் விண்ணப்பித்தன. நூல் மரபை முன்வைத்த ஹே தேர்வு பெற்றது. 2007இல் உறவு உறுதியாயிற்று. திம்பக்துவின் சிறுமியர் கல்விக்கும் மகளிர் நலத்துக்கும் ஹே மக்கள் நிதி திரட்டினர்.

2012 ஏப்ரலில் ஆயுதக் குழுக்கள் திம்பக்துவைக் கைப்பற்றின. பழைமையான கல்லறை மாடங்கள் இடிக்கப்பட்டன. ஏடுகளுக்கும் அதே கதி நேரும் என அஞ்சிய நூலகர் அப்தல் காதர் ஐதராவும் துணைவர்களும் அவற்றை உலோகப் பெட்டிகளில் அடைத்தனர். பெட்டிகள் சிறிது சிறிதாக, சாலை வழியாகவும் நைஜர் ஆற்றுப் படகுகளிலும் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்தப்பட்டன. பிடிபட்டால் உயிர்போகும் பணி அது. அவ்வாறு காக்கப்பட்டவை மூன்று இலட்சத்துக்கும் மேல் என்பர். அவ்வெண்ணை ஐயுறுவோரும் உளர். 2013 சனவரியில் பின்வாங்கிய குழுவினர், அகமது பாபா பெயரில் அமைந்த நிறுவனத்தில் எஞ்சியிருந்த சில ஆயிரம் ஏடுகளுக்குத் தீயிட்டனர்.

அந்நாள்களில் உடன்பிறந்த ஊர் என்ன செய்ய முடிந்தது? போர் நடக்கும் நகருக்குள் ஹே மக்களால் நுழைய இயலாது. ஏடுகளைக் காத்தவர்கள் ஓட்டுநர்கள், படகோட்டிகள், நூலகர்கள், பரம்பரையாகப் பெட்டிச் சாவியை வைத்திருந்த குடும்பத்தார் ஆகியோரே. எனினும் தொலைவுக்கு அடையாளமாக மட்டும் அறியப்பட்டிருந்த ஒரு பெயர், ஹேயின் கடைத்தெருவில் இருப்போருக்குத் தம் உறவினர் வாழும் ஊரின் பெயராக மாறியிருந்தது. பணம் திரட்டியதைவிட இம்மாற்றமே பெரிது எனலாம்.

பமாக்கோவில் ஏடுகளுக்கு வேறொரு பகை காத்திருந்தது. பாலைவனத்தின் வறண்ட காற்றில் நூற்றாண்டுகள் நிலைத்த தாள்கள், தென்புறத்து ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கின. அவற்றைத் துடைத்து, படமெடுத்து, அமிலமற்ற அட்டைப்பெட்டிகளில் இடும் பணி பல ஆண்டுகள் நடந்தது. பெட்டிகளில் ஒரு பகுதி 2025 ஆகசுட்டில் வானூர்தி வழியே திம்பக்துவுக்குத் திரும்பியது.