கணினியில் பக்கம் கட்டுவோம்

டெஸ்க்டொப் பப்ளிஷிங் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பூவேலை போட்ட ஓரங்களும் வண்ணத் தலைப்புகளும்தான். நான் அங்கிருந்து தொடங்கப் போவதில்லை. தமிழில் பக்கம் கட்டப் பழகும் சகோதரிகளுக்கு முதற்பாடம் எழுத்துரு.

1985இல் அப்பிளின் மெக்கின்டொஷ் கணினி, லேசர் அச்சுப்பொறி, அல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருள் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தன. அச்சுக்கோப்பவரின் வேலை மேசைக்கு வந்தது. அம்மென்பொருளில் தமிழ் எழுத, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள் பிறந்தன. நம் நாட்டில் அதிகம் புழங்கியது பாமினி.

எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: தலவாக்கலை. இதன் கடைசி எழுத்துக்குப் பாமினியில் முதலில் ஐகாரக் குறியைத் தட்டி, பிறகு லகரத்தைத் தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு அது. யுனிகோட்டிலோ லகரம் முதலில், குறி பின்னால். பாமினிக் கோப்பில் 'தமிழ்' என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும்வரைதான் அது தமிழ்.

என் தோழி ஒருத்தி லயத்து வாழ்வைப் பற்றி ஒரு கவிதை எழுதினாள். அச்சகத்தில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்! பாமினிக்கு மாற்றியும் சரிவரவில்லை. அவள் தட்டியது வேறொரு பழைய எழுத்துருவில். கைப்பிரதியும் இல்லை. அவளது பக்கத்தில் விளம்பரம் வந்தது. தேடலிலும் இதே தொல்லைதான். 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்ற கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையின் பெயர் ஒரு பாமினிக் கோப்பில் நூறு முறை இருந்தாலும், யுனிகோட்டில் தேடுபவருக்கு அகப்படாது.

ஆகவே யுனிகோட்டில் தட்டுங்கள். பழகிய விரல்களை மாற்ற வேண்டியதில்லை. பாமினி விசை ஒழுங்கிலேயே யுனிகோட் தரும் மென்பொருள்கள் உள்ளன. அச்சகம் பாமினிதான் வேண்டும் என்றால் எழுத்துரு மாற்றியில் மாற்றிக் கொடுக்கலாம். மாற்றியபின் ஒருமுறை வாசியுங்கள், இடையே வரும் ஆங்கிலச் சொற்கள் உளறலாகியிருக்கும்.

பக்கம் கட்ட, இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸின் புதிய பதிப்பு போதும். இன்டிசைன் வைத்திருப்பவர்கள் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி' என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் கொம்புகள் இடம்மாறி நிற்கும்.

ஏ4 தாளை இரண்டாக மடித்தால் ஏ5, அதாவது 148க்கு 210 மில்லிமீற்றர். நம் சஞ்சிகைக்கு அதுவே அளவு. நடுவில் கம்பி அடிப்பதால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். முப்பது பக்கம் சேர்த்தவர் இன்னும் இரண்டுக்கு ஆள் தேடத்தான் வேண்டும்! எழுத்தின் அளவு 11 புள்ளி என்றால் வரி இடைவெளி 15 அல்லது 16 இருக்கட்டும். தமிழில் மேலே விசிறி, கீழே சுழி; நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். நம் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய நிரலில் இருபுறமும் சீராக்கினால் நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். கவிதைக்கு இடப்பக்கம் மட்டும் சீராக்கினால் போதும் என்பது என் எண்ணம்.

முடிந்ததும் எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎப் கோப்பாகச் சேமியுங்கள். அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் அதைத் திறந்து பாருங்கள். அங்கேயும் தமிழ் தமிழாகவே தெரிந்தால் அச்சகத்துக்கு அனுப்பலாம்.