மென்னோட்டத்தின் வேகம்

800 மீட்டர், 1,500 மீட்டர் ஆகிய பந்தயங்கள் நடுத்தூர ஓட்டம் எனப்படும். இவற்றில் தேர்ச்சி பெற்ற வீரர்கள் வாரந்தோறும் ஓடும் தூரத்தின் பெரும்பகுதி பந்தய வேகத்தில் ஓடப்படுவதன்று, மெதுவாக ஓடப்படுவதேயாகும். இம்மென்னோட்டத்தைச் சோம்பல் எனக் கருதி மாணவனை விரட்டும் உபாத்தியாயர், மறுநாட் பயிற்சிக்கு வேண்டிய வலிமையை அவனிடமிருந்து பறித்துவிடுகிறார்.

இருவகை வேகம்

கேரளத்தைச் சேர்ந்த ஜின்சன் ஜான்சன் 2019-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் 1,500 மீட்டரை 3 நிமிடம் 35.24 விநாடியில் ஓடினார். இது கிலோமீட்டருக்குச் சுமார் 2 நிமிடம் 24 விநாடி ஆகும். இத்தரத்து வீரர்கள் மென்னோட்டத்தில் ஒரு கிலோமீட்டரைப் பெரும்பாலும் 4 முதல் 5 நிமிடத்தில் கடப்பர். அதாவது, பந்தய வேகத்தில் ஏறத்தாழப் பாதி முதல் ஐந்தில் மூன்று பங்கு வரை.

1,500 மீட்டரை 5 நிமிடத்தில் ஓடும் மாணவனுக்கு இதே விகிதப்படி கிலோமீட்டருக்கு ஐந்தரை முதல் ஆறரை நிமிடம் வரை பொருந்தும். அவன் பெரிய வீரரைப் பின்பற்றி 4 நிமிடத்தில் ஓட முயன்றால், அது அவனது பந்தய வேகத்தில் ஆறில் ஐந்து பங்காகிவிடும். அதனை மென்னோட்டம் என்று கூறவியலாது. பின்பற்றத்தக்கது விகிதமேயன்றி எண்ணன்று.

காரணம்

1,500 மீட்டர் பந்தயத்திற்கு வேண்டிய சக்தியில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு பிராணவாயுவின் துணையால் கிடைப்பது. மென்னோட்டத்தால் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் வளர்கிறது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் இரத்தத்தில் லாக்டேட் மிகுகிறது. தசைகளில் சேமித்துள்ள கிளைகோஜன் விரைவில் செலவாகிறது. அது மீண்டும் நிரம்ப ஏறக்குறைய ஒருநாள் வேண்டும். ஆகவே இன்று சற்று விரைந்து ஓடியவன், நாளை விரைந்து ஓட வேண்டிய வேளையில் தளர்ந்துவிடுகிறான்.

தீவின் தட்பவெப்பம்

வேகத்தைக் குறைக்க வேண்டிய மற்றொரு காரணம் காற்றின் ஈரப்பதம். அந்தமானில், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரின் விமான நிலையத்தை அடுத்துள்ள லம்பா லைன் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கு ஆண்டில் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றில் ஈரம் மிகுதி. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் குளிர்வதும் தடைப்படுகிறது. உடலின் உஷ்ணத்தை வெளியேற்றத் தோலுக்கு மிகுந்த இரத்தம் செல்ல வேண்டியிருப்பதால், அதே வேகத்திற்கு இருதயம் அதிகமாகத் துடிக்கிறது. எனவே வறண்ட, குளிர்ந்த ஊரில் ஏற்ற வேகம் லம்பா லைனில் மிகையாகும். அந்தமானில் தமிழ்நாட்டைவிட முன்னதாகவே பொழுது விடிவதால், அதிகாலையிலேயே ஓட்டத்தை முடித்துவிடுதல் நலம்.

அளந்தறியும் முறை

விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கீழ்க்கண்ட மூன்று சோதனைகள் போதுமானவை.

1. ஓடும்போதே மாணவன் மூச்சிரைக்காமல் முழு வாக்கியங்களாகப் பேச இயலவேண்டும்.

2. ஓட்டம் நின்றவுடன் 10 விநாடி நாடியை எண்ணி, அதனை ஆறால் பெருக்குக. இது உச்சத் துடிப்பில் முக்கால் பங்கைத் தாண்டலாகாது. உச்சத் துடிப்பு 190 ஆயின், 10 விநாடியில் 23 துடிப்புக்கு மேற்படாதிருத்தல் நன்று.

3. ஓடி முடித்தபின், அதே தூரத்தை மீண்டும் ஓட முடியும் என்ற உணர்வு இருத்தல் வேண்டும்.

இவற்றுள் ஒன்று தவறினும் வேகத்தைக் குறைக்க வேண்டும். மயக்கமோ குளிர்நடுக்கமோ காணின் ஓட்டத்தை உடனே நிறுத்தி, மாணவனை நிழலில் கிடத்தி உடலைக் குளிர்விப்பதுடன் மருத்துவ உதவியும் நாடவேண்டும். மென்னோட்ட நாளில் கடிகாரத்தைக் கொண்டு மாணவரை ஒருவரோடொருவர் ஒப்பிடுதல் கூடாது. கடிகாரத்திற்குரிய நாள் வேறு.