இடியா, குழாய் வெடிப்பா, சுகோயா?

மேகமே இல்லாத பகலில் ‘டமார்’ என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, அலமாரியில் எவர்சில்வர் பாத்திரங்கள் கடகடக்கின்றன. மயிலாடுதுறை மணிக்கூண்டுப் பக்கத்து டீக்கடையில் உடனே மூன்று கட்சி: நிலநடுக்கம், எரிவாயுக் குழாய் வெடிப்பு, விமானம் விழுந்துவிட்டது. நாலாவது வாட்ஸ்அப்பில் வந்து சேரும்.

டெல்டாவில் இப்படிக் கேட்கும் சத்தங்கள் பலவற்றுக்குக் காரணம் விமானப்படைப் பயிற்சிதான். தஞ்சாவூர் தளத்தில் 2020 ஜனவரி 20 முதல் ‘டைகர்ஷார்க்ஸ்’ எனும் 222ஆவது படைப்பிரிவு சுகோய்-30 எம்கேஐ போர் விமானங்களோடு இயங்குகிறது. கடல் நமக்குப் பக்கம், அந்தத் தளத்துக்கும்தான்.

‘விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்த ஒரு நொடியில்தான் சத்தம் வரும்.’ படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். உண்மையில், ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறக்கும் நேரம் முழுக்க அதிர்வலை கூம்பாக விமானத்தின் பின்னால் விரிந்துகொண்டே வருகிறது. அது தரையைத் தொடும் இடத்தில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் ‘டமார்’. தரங்கம்பாடிக்காரர் கேட்டு முடித்த பிறகு சீர்காழிக்காரர் கேட்கலாம். விமானத்தின் முன்பக்கத்து அலை ஒன்று, பின்பக்கத்து அலை ஒன்று என இரட்டைச் சத்தமாகவும் வரும். ஓட்டுகிறவர் காதில் மட்டும் விழாது! மொட்டை மாடிக்கு ஓடி அண்ணாந்து பார்த்து, “வானத்துல ஒண்ணுமே இல்லையே” என்பவருக்கும் பதில் இதுவே. சத்தம் வந்து சேரும்போது விமானம் நம்மைக் கடந்து போயிருக்கும்.

சுகோயைப் பற்றி வேறு கதைகளும் உண்டு. ‘சுகோய் எப்போதும் ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும்.’ அது நல்ல உயரத்தில், சுமை குறைவாக இருக்கும்போது, கொஞ்ச நேரத்துக்கு எட்டக்கூடிய உச்சம். அதற்காகக் கூடுதல் உந்துவிசை தரும் ஆஃப்டர்பர்னரைப் போட்டால் எரிபொருள் மளமளவென்று தீரும். பெரும்பாலான நேரம் ஒலிக்குக் கீழான வேகத்தில்தான் பறக்கிறது.

‘இறக்கை நிறைய பிரம்மோஸ் மாட்டிக்கொண்டு போகும்.’ வானிலிருந்து ஏவும் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்றின் எடை சுமார் 2.5 டன். நெல் கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டைகளில் அறுபதுக்கும் மேல்! வயிற்றுக்கு அடியில் ஒன்றே ஒன்றுதான் தொங்கும். அதற்கே உடற்கூட்டைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. 2017 நவம்பர் 22 அன்று வங்கக் கடல் மேல் முதல்முறை ஏவிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 290 கிலோமீட்டர் தள்ளி நின்றே ஏவிவிட்டுத் திரும்பலாம் என்பதால் இலக்கின் தலைக்கு மேல் போக வேண்டிய அவசியமில்லை.

‘ரேடாரில் சிக்காது’ என்பதும் கதை. 22 மீட்டர் நீளம், இரண்டு பெரிய எஞ்சின்கள், வெளியே தொங்கும் ஆயுதங்கள்; நன்றாகவே சிக்கும். இதன் பலம் மறைந்து போவதில் இல்லை, தூரம் போவதில் இருக்கிறது. ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், நடுவானிலும் நிரப்பிக்கொள்ளலாம். இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கத் தஞ்சாவூரைத் தேர்ந்தெடுத்தது இந்தக் கணக்கில்தான்.

அடுத்த முறை ‘டமார்’ கேட்டால் நேரத்தைக் குறித்துக்கொண்டு 1077-க்கு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசுங்கள். பதில் வரும்வரை யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.