இளையராஜா இசையின் வளர்ச்சி: ‘அன்னக்கிளி’ முதல் ‘ஹவ் டு நேம் இட்’ வரை

கம்பம் பள்ளத்தாக்கில் இளையராஜாவைப் பற்றிப் பேச்செழுந்தால், நம் மண்ணின் நாட்டுப்பாடலைத் திரைக்குக் கொண்டு சென்றவர் என்று கூறிப் பெருமை கொள்வோம். அது பாதி உண்மையே என்பது என் துணிபு.

1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்த அவர், தமையனார் பாவலர் வரதராசனின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் பாடியவர். பாவலரோ பொதுவுடைமை மேடைகளின் பாடகர். 1958இல் நம் மலைக்கு அப்பாலுள்ள தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலிலும் பாடினார். மக்களின் காது எந்த மெட்டில் நிற்கும் என்பதை இளையராஜா கற்றது அம்மேடைகளிலேதான். பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையின் எழுத்துமுறையைப் பயின்றார்.

1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’யில் இவ்விரு கல்வியும் கூடின. ‘சுத்தச் சம்பா’ நெல் குத்தும் பாட்டு. எஸ். ஜானகியின் குரலில் களத்துமேட்டு மணம் கமழ்கிறது. ஆனால் அப்படத்தின் பாடல்களில் குரல் ஓயும் இடங்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கு ஒலிக்கும் கருவியிசை களத்துமேட்டில் பிறந்ததன்று. இன்ன கருவிக்கு இன்ன சுரம் என்று தாளில் எழுதப்பட்டது. அன்று பலரும் மெட்டை மட்டுமே கேட்டனர் போலும்!

பத்தாண்டு கழித்து, 1986இல், சொல்லே இல்லாத ‘ஹவ் டு நேம் இட்’ வந்தது. தியாகராசருக்கும் ஜெர்மானிய மேதை பாக் என்பவருக்கும் காணிக்கையாக்கப்பட்ட இசைத்தொகுப்பு இது. வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். இதில் ‘பியூக்’ என்னும் வடிவம் கையாளப்படுகிறது. நடவு வயலில் ஒருத்தி பாடி முடித்த அடியை மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள் அல்லவா? பியூக்கில் இரண்டாம் குரல் அதே மெட்டை வேறு சுருதியில் தொடங்கும். முதற்குரலோ ஓயாமல் எதிர்மெட்டொன்றைத் தொடர்ந்து பாடும். பிறகு மூன்றாவது நுழையும். எக்குரலும் மற்றதற்குப் பக்கவாத்தியம் அன்று.

‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதியில் பாக்கின் வயலின் இசையே ஒலிக்க, அதன்மேல் கர்நாடக முறையில் ஒரு வயலின் கமகத்தோடு பேசுகிறது. இரண்டில் எதுவும் தன் நடையை மாற்றிக்கொள்ளவில்லை. 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’ இதனினும் இனியது; எனினும் அங்கே குழலே தலைமை தாங்குகிறது. உரையாடல் என்ற அளவில் முந்தையதையே நான் மேலாக வைப்பேன்.

2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது, அது புதிய திருப்பம் எனப் பலர் வியந்தனர். ‘அன்னக்கிளி’யின் இடையிசையைக் கவனித்துக் கேட்டவர்களுக்கு அதில் வியப்பில்லை.